கூரைக்குள் குடியேறும் எலியும் மரநாயும்

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்தில், வன்னியில் ஒரு தாய் தன் கொட்டிலின் பரணிலிருந்து விதைநெல் சாக்கை இறக்கினார். ஒரு கையாலேயே இறக்கக்கூடிய அளவுக்கு அது இலேசாக இருந்தது. சாக்கின் அடிப்பக்கம் அரிக்கப்பட்டிருந்தது. உள்ளே பாதிக்கு மேல் உமியும் எலிப் புழுக்கையும்தான்.

"மேலை ஓடித்திரியிற சத்தம் ஒவ்வொரு நாளும் கேட்டதுதான் சுவாமி. தற்காலிகக் கொட்டில்தானே, ஊருக்குப் போய்ப் பாப்பம் எண்டு விட்டிட்டம்" என்றார். அந்தத் தற்காலிகக் கொட்டிலில் அக்குடும்பம் அப்போது நான்காவது ஆண்டாக வாழ்ந்துகொண்டிருந்தது.

அந்தச் சொல்லிலிருந்துதான் இப்பாடத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பங்கள் சில நாட்களில் திரும்பலாம் என்றே கதவைப் பூட்டிக்கொண்டு வந்தன. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்தவர்களும் அப்படியே எண்ணினார்கள். 2009க்குப் பின் தகரக் கொட்டில்களில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். நாம் தற்காலிகம் என்று எண்ணி ஓட்டைகளை அப்படியே விட்டிருக்கும் காலத்தில் எலி நிரந்தரமாகக் குடியேறிவிடுகிறது. வீட்டெலி சினைப்பட்டு மூன்று கிழமைகளில் ஈனும். ஒரு தடவையில் ஐந்து முதல் எட்டுக் குட்டிகள். மூன்று நான்கு மாதங்களில் அக்குட்டிகளும் குட்டி போடும்.

இழப்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வளர்ந்த வீட்டெலி ஒன்று நாளொன்றுக்குப் பதினைந்து முதல் இருபது கிராம் வரை தானியம் தின்னும். கூரையில் பத்து எலிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பங்குனியில் காலபோக அறுவடை முடிந்து விதைநெல்லை மேலே ஏற்றுகிறீர்கள். ஐப்பசி விதைப்புக்கு இறக்குகிறீர்கள். இடையில் ஏறக்குறைய 240 நாட்கள். பத்து எலிகளும் 36 முதல் 48 கிலோ வரை தின்றிருக்கும். ஒரு ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல், அதாவது 42 கிலோ அளவில் வேண்டும். ஆகவே, கூரையில் கேட்கும் அந்தச் சத்தம் ஒரு ஏக்கர் வயலின் விதைப்பு. சிந்தியதும், சிறுநீர் பட்டுப் பழுதானதும், முளை கடிக்கப்பட்டதும் இக்கணக்கில் சேரவில்லை.

மேலே இருப்பது யார்?

எல்லாச் சத்தமும் எலி அல்ல. எது என்று அறியாமல் வேலை தொடங்கினால் உழைப்பு வீண்.

கருக்கல் நேரத்தில் தொடங்கி விட்டுவிட்டு ஓடும் இலேசான சத்தம் வீட்டெலியுடையது. அதன் புழுக்கை இரு முனையும் கூர்மையாக, அரை அங்குல நீளத்தில் சிதறிக் கிடக்கும். அது வழக்கமாகப் போய்வரும் வளையிலும் சுவரிலும் எண்ணெய் பூசியது போலக் கறுத்த தடம் இருக்கும். அகளான் பெரியது, ஆனால் நிலத்தைத் தோண்டி வாழ்வதால் கூரைக்கு அதிகம் ஏறாது. பகலில் ஓட்டமும் கீச்சுக் குரலும் கேட்டால் அணில். தும்பும் பஞ்சும் இழுத்து வந்து கூரை ஓரத்தில் கூடு வைத்திருக்கும். வௌவாலின் எச்சமும் எலிப்புழுக்கை போலவே தோன்றும். அதை ஒரு தடியால் நசுக்கிப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்து பூச்சிச் சிறகுகள் மினுங்கினால் அது வௌவால்.

நடுச்சாமத்தில் சின்னப் பிள்ளை நடப்பது போலப் பாரமான காலடி கேட்டால் அது மரநாய். அதன் எச்சம் விரல் பருமனில், பழ விதைகள் நிறைந்து, பெரும்பாலும் ஒரே இடத்தில் குவிந்திருக்கும். ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும் காலத்தில் அதன் நடமாட்டம் கூடும். சீவல் தொழிலாளரைக் கேட்டால், முட்டியில் வாய் வைத்துக் கள்ளைக் குடித்துவிட்டுப் போகும் இந்தத் திருடனைப் பற்றி நிறையச் சொல்வார்கள்.

சந்தேகமானால், அவை புகும் ஓட்டையின் வாயிலில் அடுப்புச் சாம்பலை மெல்லியதாகத் தூவிவிட்டு விடியப் பாருங்கள். காலடி பதிந்திருக்கும். இச்சாம்பல் சோதனையை மறந்துவிடாதீர்கள். ஓட்டையை அடைக்கும்போது இது மறுபடியும் தேவைப்படும்.

நான் செய்த பிழை

இதை எழுதுபவன் இவற்றையெல்லாம் குருமடத்தில் கற்கவில்லை. நான் பொறுப்பேற்றிருந்த ஒரு பங்கின் அறைவீட்டில் இரவில் சீலிங்குக்கு மேலே நடமாட்டம். பகலில் ஏணி வைத்து ஏறி, தாழ்வாரத்தில் ஓடு விலகியிருந்த இடத்தைக் கண்டுபிடித்து, சீமெந்தால் அடைத்தேன். வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர், "சுவாமி, உது மரநாய். இப்ப குட்டி போட்டிருக்கும். உள்ளுக்கை இருக்கோ எண்டு பாக்காமல் அடையாதேங்கோ" என்றார். நான் சிரித்துவிட்டுப் பூசி முடித்தேன்.

தாய் உள்ளே இருந்திருக்கிறது. வெளியே வர வழியில்லை. அன்றிரவே சீலிங் பலகையைப் பிய்த்துக்கொண்டு அறைக்குள் விழுந்து, கதவு திறந்ததும் ஓடிவிட்டது. மேலே குட்டிகள் செத்தன. மூன்று கிழமை அந்த அறையில் படுக்க முடியவில்லை. பிறகு பலகையை முழுவதும் கழற்றிப் புதிதாக அடிக்கவேண்டி வந்தது. அதற்கான செலவில் இரண்டு வீடுகளின் கூரை ஓரத்தை ஒழுங்காக அடைத்திருக்கலாம்.

ஆகவே முறை இதுதான். மரநாயோ அணிலோ குட்டிகளுடன் இருந்தால், அவை தாயின் பின்னால் வெளியே போகத் தொடங்கும் வரை பொறுத்திருங்கள். மரநாய்க்கு இது இரண்டு மூன்று மாதம் எடுக்கலாம். பிறகு ஓட்டையில் வைக்கோலை இறுக்காமல் அடைத்து, வாயிலில் சாம்பல் தூவுங்கள். மூன்று இரவுகள் வைக்கோல் அசையாமலும் சாம்பலில் தடம் விழாமலும் இருந்தால் உள்ளே எதுவும் இல்லை. அப்போது அடையுங்கள். மரநாய் நன்றாக இருட்டிய பின்தான் இரை தேடப் போகும். அவசரமானால் அது போனதைக் கண்ணால் கண்டபின், குட்டி இல்லை என்று மேலே பார்த்து உறுதிசெய்துகொண்டு இரவிலேயே அடைக்கலாம்.

வௌவாலுக்கு வேறு வழி. அவை போய்வரும் துவாரத்தின் மேல் ஒரு பழைய வலைத்துண்டை மேல்விளிம்பில் மட்டும் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். உள்ளிருப்பவை கீழ்ப்பக்கத்தால் ஊர்ந்து வெளியேறும். திரும்பிப் புகத் தெரியாது. ஒரு கிழமையின் பின் அடைக்கலாம். இதைத் தொடங்குமுன், மாலையில் அவை பறந்துபோன பிறகு டோர்ச் அடித்துப் பாருங்கள். பறக்காத குட்டிகள் தொங்கிக்கொண்டிருந்தால் பொறுக்க வேண்டும்.

எலிக்கு மட்டும் இந்தப் பொறுமை உதவாது. அது எப்போதும் குட்டியோடுதான் இருக்கும். முதலில் பொறி வைத்துப் பிடித்துக் குறைத்த பின்பே அடைக்க வேண்டும். புதிய பொருளைக் கண்டால் வீட்டெலி சில நாட்கள் கிட்ட வராது. ஆகையால் முதல் மூன்று இரவும் பொறியை ஏற்றாமல், சுட்ட தேங்காய்ச் சொட்டோ கருவாட்டுத் துண்டோ வைத்துச் சும்மா தின்ன விடுங்கள். நாலாம் இரவு பொறியை ஏற்றுங்கள். நடு இடத்தில் வைக்காமல், கறுத்த தடம் உள்ள சுவரோரம் வைக்க வேண்டும்.

எந்தக் கூரைக்கு எது முடியும்?

இந்த இடத்தில் சில புத்தகங்கள் எல்லா வீட்டையும் ஒன்றாக எண்ணி எழுதுகின்றன. எமது வீடுகள் ஒன்றல்ல.

கிடுகு அல்லது பனையோலை வேய்ந்து, சுவரும் கிடுகாக உள்ள கொட்டிலை எலிக்கு அடைக்க முடியாது. முயற்சியும் வேண்டாம். எலி சுவரிலேயே ஏறும். ஓலைக்குள்ளேயே கூடு வைக்கும். அக்கூரையின் கீழ்ப் பரண் கட்டித் தானியம் வைப்பதை நிறுத்துவதுதான் அங்கே வைத்தியம். விதைநெல் எங்கே வைப்பது என்று கீழே சொல்கிறேன்.

தகரக் கூரையும் அரைச்சுவரும் உள்ள வீடுகளில், தகரத்தின் நெளிவுக்கும் சுவர் வளைக்கும் இடையிலுள்ள பொந்துகளே முதல் வாசல். ஒவ்வொரு நெளிவுக்குக் கீழேயும் எலி தாராளமாகப் போகும் இடைவெளி இருக்கிறது. அரை அங்குலத் துவாரம் குட்டி எலிக்குப் போதும். சுண்டெலிக்குக் கால் அங்குலமே போதும். இப்பொந்துகளைச் சீமெந்தால் முழுதும் பூசிவிட்டால் வெயில் காலத்தில் உள்ளே இருக்க முடியாது, காற்று வேண்டும். எனவே கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலையை நீளமாக வெட்டி, வளைமேல் ஆணியடித்து, மேல்விளிம்பைத் தகர நெளிவுக்குள் மடித்துவிடுங்கள். நுளம்பு வலையோ நைலோன் வலையோ உதவாது. ஓர் இரவில் அரித்துவிடும். சாக்குத் துணியும் பொலித்தீனும் எலிக்குக் கூடு கட்டும் சாமான் மட்டுமே.

தறப்பாள் சுவரோடு இருப்பவர்களும் கிடுகுக் கொட்டில்காரர் போலவே செய்ய வேண்டும்.

ஓட்டு வீட்டில், முகட்டோடுகளின் கீழும், தாழ்வாரக் கைமரங்களின் நடுவிலும், மின்கம்பி உள்ளே வரும் துளையிலும் பாருங்கள். எலியும் அணிலும் கம்பியின் உறையைக் கடித்துவிட்டால் தீப்பிடிக்கலாம். அஸ்பெஸ்டஸ் கூரையானால் அதை அரிந்தோ துளையிட்டோ வேலை செய்யாதீர்கள். அந்தத் தூசி நெஞ்சுக்குக் கேடு. வலையை மரத்தில் மட்டும் அடியுங்கள்.

அடைத்த பின்னும் ஏறுவதற்கு வழி இருந்தால் புதிதாக ஒரு ஓட்டை வரும். கூரைமேல் சாயும் முருங்கைக் கொப்பு, சுவரோடு அடுக்கிய விறகு, வீட்டு வளையில் கட்டிய உடுப்புக் கொடி எல்லாம் எலிக்கு ஏணிதான். கொப்பைக் கூரையிலிருந்து ஆறடிக்காவது வெட்டுங்கள். மரநாய் வருமானால் இன்னும் கூட்டி வெட்டுங்கள். வெட்ட மனமில்லாத தென்னைக்கும் பனைக்கும், ஆள் உயரத்துக்கு மேலே தகரப் பட்டி சுற்றலாம். எலிக்கு ஒன்றரை அடி அகலம் போதும். மரநாயின் உடலே ஒன்றரை அடிக்கு மேற்பட்டது என்பதால் அதற்குப் பட்டியின் அகலத்தைக் கூட்ட வேண்டும். பக்கத்து மரத்தின் ஓலை தொட்டுக்கொண்டிருந்தால் பட்டியால் பயனில்லை.

விதைநெல் வைக்குமிடம்

இறுக்கமான மூடியுள்ள இரும்புப் பரலே எனக்குத் தெரிந்த சிறந்த இடம். 200 லீற்றர் பரலில் ஏறக்குறைய ஐந்து புசல் நெல் அடங்கும். இரண்டரை ஏக்கருக்கு அது போதும். கிருமிநாசினியோ களைகொல்லியோ வந்த பரலைத் தொடவே வேண்டாம். கழுவினாலும் வேண்டாம்.

பரலில் ஆபத்து எலியல்ல, ஈரம். நெல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தால் மசியாமல் 'டக்' என்று உடைய வேண்டும். வெயிலிலிருந்து அள்ளிய சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து முளைத்திறன் கெடும், ஆறவிட்டு மூடுங்கள். தகரக் கூரைக்கு நேர் கீழே வைக்காமல் நிழலான மூலையில், இரண்டு மரக்கட்டைகளின் மேல் வையுங்கள். நெல்லோடு வேப்பிலை கலப்பது வண்டுக்காக. எலி வேப்பிலையைப் பொருட்படுத்தாது.

பரல் வாங்க முடியாதவர்கள், அல்லது மூடைகள் கூட உள்ளவர்கள், வீட்டுச் சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் ஆறடிக்காவது தள்ளி வளவுக்குள் ஒரு சிறு அட்டாளை கட்டலாம். நாலு கப்பு, மூன்றரை அடி உயரத்தில் தட்டு, மேலே சிறு தகரக் கூரை. ஒவ்வொரு கப்பிலும் தட்டுக்குச் சற்றுக் கீழே, நிலத்திலிருந்து மூன்றடிக்கு மேல்விளிம்பு வரும்படி ஒன்றரை அடித் தகரத்தை மடிப்பில்லாமல் இறுக்கிச் சுற்றி அடியுங்கள். பழைய எண்ணெய்த் தகரம், பிஸ்கற் தகரம் எல்லாம் உதவும். துருப்பிடித்துச் சொரசொரப்பானால் எலி நகம் பிடித்து ஏறும், மாற்ற வேண்டும். தடியோ மண்வெட்டியோ அட்டாளையில் சாத்தி வைக்காதீர்கள். எத்தனையோ நல்ல அட்டாளைகள் ஒரு மண்வெட்டிப் பிடியால் பழுதானதைக் கண்டிருக்கிறேன்.

இந்தத் தகரங்களை ஆணி பிடுங்கி எடுத்துக்கொண்டு போகலாம். முதலில் சொன்ன தாய் பின்னர் தன் காணிக்குத் திரும்பியபோது நாலு பட்டியையும் சுருட்டி, சட்டி பானைகளோடு லொறியில் ஏற்றிச் சென்றார். பரலும் அப்படித்தான். தற்காலிகக் கொட்டிலுக்கு ஏன் செலவு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்.

நஞ்சு வைக்கலாமா?

கூரைக்குள் வேண்டாம் என்றே சொல்வேன். நஞ்சு தின்ற எலி எட்டாத இடத்தில் செத்து நாறும். தின்னாமல் விட்ட உருண்டை தானியத்தில் விழும். பிள்ளைகளின் கையில் படும். மயங்கித் திரியும் எலியைப் பூனையும் கூகையும் தின்று சாகும். கூகை ஒன்று பழைய கோவில் கோபுரங்களில் தங்கினால், சாவைக் கூப்பிடுகிறது என்று எம்மவர் கல்லெறிகிறார்கள். அது கூப்பிடுவது எலியின் சாவை மட்டுமே. ஒரு சோடிக் கூகை குஞ்சுகளோடு இருந்தால் ஓர் இரவில் பல எலிகளைப் பிடிக்கும். அதை இருக்க விடுங்கள்.

லீமா நகரில் 1639இல் இறந்த புனித மார்ட்டின் தெ போரஸ், மடத்தின் பூசை உடுப்புகளை அரித்த எலிகளோடு பேசி, தோட்டத்துக்குப் போனால் தினமும் சாப்பாடு தருவதாக உடன்படிக்கை செய்து அனுப்பினார் என்று மரபுக் கதை உண்டு. எமக்கு அந்த வரம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் எலி இருந்த இடத்தில் நஞ்சு வைக்காமல், சாப்பாட்டின் இடத்தை மாற்றினார் என்பதைக் கவனியுங்கள். இரவில் கழுவாத சட்டி, மூடாத கோழித்தீன், குசினி மூலையில் தேங்காய்ப் பூ இருக்கும் வரை எந்தப் பொறியாலும் எலி ஒழியாது.

எலிக்குப் பின்னால் வருவன

கூரையில் எலி இருந்தால் அதைத் தேடிப் பாம்பு வரும். எண்ணெய் விரியன் அல்லது எட்டடி விரியன் என்று நாம் சொல்லும் பாம்பு இரவில் வீட்டுக்குள் வந்து, நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவர்களைத் தீண்டுகிறது. கடித்த இடத்தில் வீக்கமோ நோவோ பெரிதாக இராது. விடியற்காலையில் வயிற்று நோவு, கண்ணிமை தூங்கி விழுதல், விழுங்க முடியாமை என்று தொடங்கினால், காயம் தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வெட்டவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். விதைநெல்லைத் தலைமாட்டில் வைத்துப் படுப்பது எமது பழக்கம். எலியையும் பாம்பையும் படுக்கைக்கு அழைப்பது அதுதான். கட்டிலில் படுங்கள். கட்டில் இல்லையானால் நுளம்பு வலையைப் பாயின் கீழ் நாலு பக்கமும் சொருகிப் படுங்கள்.

மற்றது எலிக்காய்ச்சல். 2024 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் உயிர்களைப் பலிகொண்ட காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளமும் சேறும் காலிலுள்ள காயத்தின் வழியே நோயை ஏற்றும். கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் கண்டால் பனடோல் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகாதீர்கள். விதைப்புக்கு முன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். மரநாய், வௌவால், எலி எதுவாவது கடித்தால் அல்லது கீறினால், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, விசர்நோய்த் தடுப்பூசி வேண்டுமா என்று அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

நெடுநாள் பூட்டிக்கிடந்த வீட்டுக்குத் திரும்புவோர்

கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று அறிவிக்கப்படாத வளவில் பற்றை வெட்டவோ கூரைக்கு ஏறவோ வேண்டாம். உடைந்த கூரையிலும், கிணற்றுக்குள்ளும், இடிந்த சுவரின் கீழும் வெடிக்காத பொருட்கள் கிடக்கலாம். தெரியாத இரும்பு எதைக் கண்டாலும் தொடாமல் வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

அது தெளிவான பின், கதவு யன்னல்களைத் திறந்து அரை நாள் காற்றுப் போகவிட்டு உள்ளே செல்லுங்கள். காய்ந்த எச்சத்தைத் தும்புத்தடியால் கூட்டாதீர்கள். தூசி நெஞ்சுக்குள் போகும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டி, கைக்குப் பொலித்தீன் பையாவது போட்டு, குளோரின் தூள் கரைத்த நீரைத் தெளித்து நனைத்த பிறகே அள்ளிப் புதையுங்கள். ஓடு மாற்றுபவர் மேலே இருக்கும்போதே வலையையும் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் தரம் ஏற்றினால் இரண்டாம் கூலி.

மாதர் சங்கமோ கமக்காரர் அமைப்போ இதைக் கூட்டத்தில் வாசித்தால், வாசித்து முடித்ததும் எழுந்து அருகிலுள்ள ஒரு வீட்டைச் சுற்றி வாருங்கள். தாழ்வாரத்தில் எத்தனை பொந்து, எந்தக் கொப்பு தொடுகிறது, நெல் எங்கே இருக்கிறது என்று எண்ணுங்கள். கம்பி வலையைச் சுருளாக வாங்கிப் பல வீடுகள் பங்கிட்டால் செலவு குறையும்; தகரம் வெட்டும் கத்தரியும் ஒன்று போதும். அறுவடை முடிந்து வயலெலி வீடுகளைத் தேடி வருவதற்கு முன், தை மாதத்துக்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.